தோளில் இருந்து பார்த்த போர்

(கொடைக்கானலில் பெற்றோர், ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



வெளியே மூடுபனி இறங்கிவிட்டது. மன்னவனூரிலிருந்தும் பூம்பாறையிலிருந்தும் வந்தவர்கள், திரும்பிப் போகிற பஸ்ஸை நினைத்துக்கொண்டேதான் உட்கார்ந்திருப்பீர்கள். பூண்டுக் காட்டில் பகலெல்லாம் குனிந்து நிமிர்ந்த இடுப்போடு வந்திருக்கும் தாய்மார்களைப் பார்க்கிறேன். லாட்ஜில் வேலை முடித்து நேராக வந்தவர்களைப் பார்க்கிறேன். ஒரு சவாரியை விட்டுவிட்டு வந்த டாக்சி ஓட்டுநர்களும் இங்கே இருக்கிறார்கள். இவ்வளவு சிரமத்தோடு வந்திருக்கிறீர்கள் என்றால், உங்கள் மனதில் ஒரு பயம் இருக்கிறது. அந்தப் பயத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு தாய் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். “சார், எம் பையன் ராத்திரி பூரா போனுல சுட்டுக்கிட்டே இருக்கான். ‘அடி, கொல்லு, விடாதடா’ன்னு கத்துறான். நாளைக்கு நெசமாவே யாரையாச்சும் அடிச்சுப் போட்டுருவானோ?”

அந்தத் தாயின் கேள்விதான் இன்றைய தலைப்பு. துப்பாக்கி கேம் ஆடும் பிள்ளை, கத்தி எடுக்கும் பிள்ளை ஆவானா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்தத் தாய் இன்றிரவும் தூங்க மாட்டார். இல்லை அம்மா. கேம் ஆடியதாலேயே ஒரு பிள்ளை கொலைகாரன் ஆனான் என்று, இத்தனை ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும், நிறுவ முடியவில்லை. ஆனால் இந்த ஒரு ‘இல்லை’யோடு நான் உட்கார்ந்துவிட்டால் உங்களுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். ஏனென்றால் அந்தத் தாயின் பயம் பொய்யல்ல. பயப்பட வேண்டிய இடம்தான் வேறு. அந்த இடத்தைக் காட்டத்தான் வந்திருக்கிறேன்.

வாருங்கள், முதலில் மலையை விட்டுக் கீழே இறங்குவோம். பழனிக்குப் போவோம்.

கந்த சஷ்டியின் ஆறாம் நாள் மாலை, பழனி கிரிவீதியில் நின்றிருக்கிறீர்களா? தாரகாசுரன் வருகிறான். பானுகோபன் வருகிறான். சிங்கமுகன் வருகிறான். கடைசியில் சூரபத்மன் வருகிறான். வேல் பாய்கிறது, தலை சாய்கிறது, ‘அரோகரா’ என்று கூட்டம் அதிர்கிறது. அங்கே நடப்பது என்ன? போர். வதம். அதைப் பார்க்க நாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். கூட்டத்தில் மறைத்துவிடக் கூடாது என்று தூக்கியும் காட்டுகிறோம்.

அன்றிரவு எந்தப் பிள்ளையாவது வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டுப் பையனைக் குத்தியிருக்கிறானா? பெரிய வெள்ளியன்று பாஸ்கா நாடகம் பார்க்கிற பிள்ளை, ஆணி அறையும் சத்தம் கேட்டுத் தாயின் முந்தானைக்குள் முகம் புதைத்து அழுகிறதே, அந்தப் பிள்ளை மறுநாள் சுத்தியலைத் தேடியிருக்கிறதா? இல்லை. ஏன் இல்லை?

மூன்று காரணம் சொல்கிறேன். மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் பேசுவதெல்லாம் இந்த மூன்றைச் சுற்றித்தான்.

முதல் காரணம், அது ஆட்டம் என்று பிள்ளைக்குத் தெரியும். சூரனின் தலை மரத்தலை என்று மூன்று வயதில் தெரியாமல் இருக்கலாம். ஆறு வயதில் தெரிந்துவிடும்.

இரண்டாவது காரணம், அங்கே ஒரு கதை இருக்கிறது. சூரன் அழிந்து போவதில்லை. மாமரமாக நின்ற அவன் பிளவுண்டு சேவலாகிறான், மயிலாகிறான். பகைவனைக் கொடியில் ஏற்றினான் முருகன். வாகனமாக்கி அவன் மேல் அமர்ந்தான். போரின் முடிவில் பகை எங்கே போகிறது என்று அந்தக் கதை பிள்ளைக்குச் சொல்லிவிடுகிறது.

மூன்றாவது காரணம், அந்தப் பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறது? அப்பாவின் தோளில். “அப்பா, சூரன் செத்துட்டானா?” என்று குனிந்து கேட்க அங்கே ஒரு காது இருக்கிறது. “இல்ல சாமி, அவன் மயிலாயிட்டான்” என்று சொல்ல ஒரு வாய் இருக்கிறது. பயந்தால் பிடித்துக்கொள்ள ஒரு தலை இருக்கிறது.

ஆட்டம் என்ற தெளிவு, ஒரு கதை, ஒரு தோள். இப்போது இந்த மூன்றோடு மலை ஏறி, உங்கள் வீட்டுக்குள் வருகிறேன்.

உங்கள் பிள்ளைக்கு முதலாவது இருக்கிறதா? செல்போனில் சாய்கிற உருவம் ஆளல்ல, ஆட்டம் என்று அவனுக்குத் தெரியுமா? நன்றாகத் தெரியும். நாமும் ஆடியவர்கள்தானே? திருடன் போலீஸ் ஆடாத தலைமுறை இந்த அவையில் உண்டா? தீபாவளிக்கு ரோல் கேப் துப்பாக்கி வாங்கித் தராத அப்பா உண்டா? பம்பரத்தில் எதிராளியின் பம்பரத்தைக் குறிபார்த்து ஆக்கர் வைத்தோமே, அதில் என்ன கருணை இருந்தது? ‘நீ செத்துட்டே, வெளிய போ’ என்று எத்தனை முறை நண்பனிடம் சொன்னோம்? சாயங்காலம் அதே நண்பனோடு ஒரே கடலை உருண்டையைக் கடித்துப் பகிர்ந்து தின்றோம். ஆட்டத்துக்குள் சாவதும் ஆட்டம் முடிந்து எழுந்து வருவதும் பிள்ளைகளின் பிறவி ஞானம்.

“சார், உங்கள் நினைவு ஆதாரம் ஆகுமா? ஆராய்ச்சி என்ன சொல்கிறது?” என்று ஆசிரியர்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும்.

நம் ஊரில் சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1899இல் நிறுவப்பட்டு, 1901 முதல் சூரியனைக் கவனித்து வருகிறது. 1909இல் ஜான் எவர்ஷெட் இந்த மலையில் இருந்துதான், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். இன்றும் உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கிறது. ஒரு நாள் மேகம் மறைத்தால் சூரியன் அணைந்துவிட்டது என்று அங்கே யாரும் குறிப்பெழுதுவதில்லை. நாள் நாளாக, ஆண்டு ஆண்டாகப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். சூரியனுக்குக் காட்டுகிற அந்தப் பொறுமையை நம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாமா? ஒரு நாள் தொலைக்காட்சிச் செய்தியை வைத்து ஒரு தலைமுறைக்கே தீர்ப்பு எழுதலாமா?

பொறுமையாகப் பார்த்தவர்கள் கண்டது என்ன? அமெரிக்க உளவியல் சங்கம் 2015இல், வன்முறைக் கேமுக்கும் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு உண்டு என்று தீர்மானம் போட்டது. ஐந்து ஆண்டு கழித்து, 2020இல், அதே சங்கம் அதைத் திருத்தியது. கத்துவது, பிடித்துத் தள்ளுவது போன்ற சிறிய முரட்டுத்தனத்தோடு சிறிய அளவில் தொடர்பு தெரிகிறது. ஆனால் கொடிய வன்முறைக்குக் கேம்தான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. குற்றம் நடந்தால் கேம் மேல் பழி போட்டு, உண்மைக் காரணங்களை விட்டுவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டது.

2019இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டார்கள். பிள்ளையிடம் என்ன ஆடுகிறாய் என்று கேட்டார்கள். அவன் எப்படி நடந்துகொள்கிறான் என்று வளர்ப்பவர்களைக் கேட்டார்கள். எந்தக் கேமில் எவ்வளவு வன்முறை என்பதை அதன் அதிகாரபூர்வ வயதுத் தரத்தை வைத்து அளந்தார்கள். தொடர்பு கிடைக்கவில்லை.

எதிர்ப்பக்கம் பேசுகிற ஆய்வு இல்லையா? இருக்கிறது. அதைச் சொல்லாமல் மறைத்தால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆக மாட்டேன். 2018இல் ஆய்வாளர்கள் சிலர் 24 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் 17,000 பேருக்கு மேல். வன்முறைக் கேம் ஆடியவர்களிடம் பின்னாளில் கைகலப்பு சற்றே கூடியிருந்தது. சிறிய அளவுதான், ஆனாலும் இருந்தது. அறிஞர்களுக்குள் இந்த வாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் கவனியுங்கள், வாதம் எதைப் பற்றி? தள்ளுவதைப் பற்றி, கத்துவதைப் பற்றி, கைகலப்பைப் பற்றி. கொலையைப் பற்றியல்ல.

சோதனைக்கூடத்தில் முரட்டுத்தனத்தை எப்படி அளந்தார்கள் தெரியுமா? கேம் ஆடி முடித்தவரிடம், காரம் பிடிக்காத இன்னொருவருக்கு எவ்வளவு மிளகாய் சாஸ் தருவாய் என்று கேட்டார்கள். எதிராளியின் காதில் எவ்வளவு சத்தமாக ஒலி எழுப்புவாய் என்று பார்த்தார்கள். ஒரு கரண்டி கூடுதல் சாஸுக்கும் ஓர் அரிவாள் வெட்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது! அந்தத் தூரத்தைக் கடக்க வைப்பது எது என்பதல்லவா நம் கேள்வி?

இன்னோர் ஆய்வைச் சொல்கிறேன். 2014இல் வந்தது. மலையில் பிள்ளை வளர்க்கிற உங்களுக்கு இதுதான் மிக வேண்டியது. டெட்ரிஸ் என்று ஒரு கேம். மேலிருந்து கட்டைகள் விழும், நாம் அடுக்க வேண்டும். துப்பாக்கி கிடையாது, ரத்தம் கிடையாது. அதை வேண்டுமென்றே அடுக்க முடியாதபடி கடினமாக்கி ஆட விட்டார்கள். ஆடியவர்களுக்குக் கோபம் ஏறியது. கோபத்தை ஏற்றியது ரத்தம் அல்ல, தோல்வி. தன்னால் முடியவில்லையே என்ற ஆற்றாமை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வாருங்கள். கூக்காலில் மழை. பையன் கம்பளிக்குள் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கிறான். கடைசி ஸோன், ஆட்டம் முடியும் கட்டம். ஸ்க்வாடில், அதாவது அவனுடைய நால்வர் அணியில், மூன்று பேர் போய்விட்டார்கள், இவன் ஒருவன்தான் மிச்சம். காதுக்குள் மூன்று பேரும் ‘மச்சி, விடாத’ என்று கத்துகிறார்கள். அந்த நேரம் பார்த்து சிக்னல் போகிறது. திரை உறைந்து நிற்கிறது. பையன் போனைக் கட்டிலில் எறிகிறான், சுவரில் குத்துகிறான், என்னவென்று கேட்ட அம்மா மேல் எரிந்து விழுகிறான். அம்மா நினைக்கிறார், ‘துப்பாக்கி கேம் என் பிள்ளையை இப்படி ஆக்கிவிட்டது.’ அம்மா, அவனைத் துப்பாக்கி ஆட்டி வைக்கவில்லை. மூன்று நண்பர்கள் முன்னால் தோற்ற அவமானம் ஆட்டி வைத்தது. கேரம் போர்டிலும் அது வரும், கிரிக்கெட்டிலும் வரும். ஆனால் மைதானத்தில் தோற்றவன் வீடு வந்து சேர அரை மணி நேரம் நடக்கிறான். அந்த நடையில் கோபம் இறங்கிவிடுகிறது. போனில் தோற்றவனுக்கு அந்த நடை இல்லை. அடுத்த நொடியே அம்மா முன்னால் நிற்கிறார்.

சரி, இவ்வளவு தொல்லை எதற்கு, தடை செய்துவிட்டால் என்ன? இந்தக் கேள்வியும் வருகிறது. தடை செய்து பார்த்தோமே!

2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட் நகரில் பப்ஜி என்ற துப்பாக்கி கேமை ஆடத் தடை போட்டார்கள். ஆடிய மாணவர்களைக் காவல்துறை கைது செய்தது. 2020 செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. பப்ஜி மொபைல் அதில் ஒன்று. நம்மில் பலர் நினைக்கிறோம், வன்முறைக்காகத் தடை செய்தார்கள் என்று. அரசு சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பும் மக்களின் தரவுப் பாதுகாப்பும். எல்லையில் சீனாவோடு கல்வான் மோதல் நடந்த ஆண்டு அது. 2021 ஜூலையில் அதே கேம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது. 2022 ஜூலையில் முடக்கப்பட்டது. 2023 மே மாதம் மறுபடி வந்தது. 18 வயதுக்குக் கீழ் நாளுக்கு 3 மணி நேரம்தான் என்ற வரம்போடு. பிள்ளைகள் என்ன செய்தார்கள்? அப்பாவின் நம்பரில் உள்ளே போனார்கள். கேம் போனது, வந்தது, போனது, வந்தது. அது இல்லாத மாதங்களில் நம் பஸ் ஸ்டாண்டில் சண்டை நின்றதா? நம் வீடுகளில் அடிதடி நின்றதா? உங்களுக்கே தெரியும்.

பயம் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதற்கு 2017ஐ நினைத்துப் பாருங்கள். ‘புளூ வேல்’ என்றொரு விளையாட்டு பிள்ளைகளின் உயிரை எடுக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. மதுரை உயர் நீதிமன்றக் கிளையே தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 2018 ஜனவரியில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன பதில் என்ன? ஆராய்ந்த எந்தச் சம்பவத்திலும் அந்த விளையாட்டுக்குப் பங்கு இருப்பதாக நிறுவ முடியவில்லை. அந்தப் பதில் எத்தனை வீட்டுக்கு வந்து சேர்ந்தது? பயம் பஸ்ஸில் வந்துவிட்டது. உண்மை இன்னும் நடந்து வருகிறது. அந்தப் பிள்ளைகள் எந்தத் துயரத்தில் இருந்தார்கள் என்ற கேள்வி மட்டும் கேட்பாரில்லாமல் போனது.

2022 ஜூனில் லக்னோவில் இருந்து வந்த செய்தி நம் எல்லோரையும் உலுக்கியது. 16 வயதுச் சிறுவன் பெற்ற தாயைச் சுட்டுக் கொன்றான் என்று வழக்கு. பப்ஜி ஆட விடாததால் சுட்டான் என்றது காவல்துறை. நாடெங்கும் தலைப்பு, ‘பப்ஜி கொலை.’ நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். செல்போனில் இருந்து குண்டு வந்ததா? அது தந்தையின் உரிமம் பெற்ற துப்பாக்கி. 16 வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் நிஜமான ஒரு துப்பாக்கி இருந்திருக்கிறது. எட்டாத இடத்தில் அது பூட்டப்பட்டிருந்தால்? பையன் கத்தியிருப்பான், கதவைச் சாத்தியிருப்பான், சாப்பிடாமல் படுத்திருப்பான். மறுநாள் காலை அந்தத் தாய் உயிரோடு எழுந்திருப்பார். நம் தலைப்புச் செய்திகள் பொம்மைத் துப்பாக்கியைப் பற்றி எழுதின; நிஜத் துப்பாக்கியைப் பற்றி எழுதவில்லை.

இப்போது நம் தமிழ்நாட்டுக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பட்டியல் சமூக மாணவர். சக மாணவர்கள் தன்னைத் துன்புறுத்துவதாகப் பள்ளியில் சொல்லியிருந்தார். அன்றிரவு அவர் வீட்டுக்குள் அரிவாள் புகுந்தது. அவரும் வெட்டப்பட்டார், தடுக்க வந்த தங்கையும் வெட்டப்பட்டாள். பிடிபட்டவர்கள் யார்? பள்ளிப் பிள்ளைகள். அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கை எதைத் தடுக்கச் சொன்னது? மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிற்றை. விரலில் போடும் சாதி மோதிரத்தை. பள்ளிகளின் பெயரில் ஒட்டியிருக்கும் சாதிப் பெயரை.

அந்தக் கயிற்றை எந்தக் கேம் கட்டியது? அந்த அரிவாளை எந்த ஸ்க்வாட் கையில் கொடுத்தது? ‘இவன் நம்மாளு, அவன் வேற ஆளு’ என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது செல்போனா? பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தும் பேசிய பெரியவர்கள் நாம்! நண்பர்களே, இங்கேதான் நம் நெஞ்சில் கை வைக்க வேண்டும். ஆட்டத்தில் கொல்லுகிற பிள்ளைக்கு அது ஆட்டம் என்று தெரிகிறது. சாதியில் வெறுக்கிற பிள்ளைக்கு அது ஆட்டமாகத் தெரியவில்லை. அது நிஜம் என்று நாம்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

நான் வகுப்பறையில் நின்று வயதானவன். பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன், பக்கத்தில் இருந்தவனை முகத்தில் ரத்தம் வர அடித்துவிட்டான். காரணம் ஒரு பென்சில். ‘டிவி பார்த்துக் கெட்டுப் போயிட்டான்’ என்றார்கள் ஆசிரியர் அறையில். நானும் தலையாட்டினேன். மறுநாள் விளையாட்டு நேரத்தில் அவன் சட்டையைக் கழற்றினான். முதுகில் பெல்ட் தடம். ஒன்றல்ல, பல. அவன் வீட்டில் டிவியே கிடையாது. குடித்துவிட்டு வருகிற ஒரு கை இருந்தது. தலையாட்டிய நேரத்துக்கு இன்றுவரை நான் வருந்துகிறேன். ஒரு நாள் முன்னால் அவன் முதுகைப் பார்த்திருக்கலாமே என்று வருந்துகிறேன்.

வன்முறையைப் பிள்ளை திரையில் பார்ப்பது வேறு, முதுகில் வாங்குவது வேறு. அடுப்படியில் அம்மா அடிபடுவதைக் கதவிடுக்கில் பார்ப்பது வேறு. திரையில் விழுந்தவன் அடுத்த ஆட்டத்தில் எழுந்து வருகிறான். அடுப்படியில் விழுந்த அம்மா எழுந்து வரும் விதம் பிள்ளையின் மனதை விட்டுப் போவதே இல்லை.

அப்படியானால் கேமில் கவலைப்பட ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. முன்பு மூன்று சொன்னேன், நினைவிருக்கிறதா? முதலாவது, ஆட்டம் என்ற தெளிவு, பிள்ளையிடம் இருக்கிறது. இரண்டாவது, கதை. கேமில் அது மெலிந்து கிடக்கிறது. விழுந்தவன் மயிலாவதில்லை, அவன் வைத்திருந்த பொருளை எடுத்துக்கொண்டு அடுத்தவனைத் தேடிப் போக வேண்டும். மூன்றாவது, தோள். அது இல்லவே இல்லை. இரவு ஒரு மணிக்குக் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அவன் தனியாகப் போர்க்களத்தில் நிற்கிறான். அவன் காதில் யார் பேசுகிறார்கள் என்று நமக்குத் தெரியாது. எந்த ஊர்க்காரன், எந்த வயது, என்ன கெட்ட வார்த்தை, எவ்வளவு பணம் கேட்கிறான், ஒன்றும் தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் நோய்களின் பட்டியலைப் புதுப்பித்தபோது கேமிங் கோளாறையும் அதில் சேர்த்தது. 2022 முதல் அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே என்ன எழுதியிருக்கிறது? கட்டுப்பாடு கைவிட்டுப் போவது. மற்ற எல்லாவற்றையும் விடக் கேமே பெரிதாகிவிடுவது. கெடுதல் தெரிந்தும் நிறுத்த முடியாமல் போவது. துப்பாக்கி கேமா, பந்து கேமா என்ற பேச்சே அங்கில்லை. அந்தத் தாய் பயப்பட வேண்டிய இடம் இதுதான். ‘என்ன ஆடுகிறான்’ என்பதோடு, ‘ஏன் நிறுத்த முடியவில்லை, எப்போது தூங்கினான், கடைசியாக என்னோடு எப்போது பேசினான்’ என்று கேட்க வேண்டும்.

நம் மலையில் இதற்கு இன்னும் ஒரு காரணம் இருக்கிறது. சமவெளிப் பிள்ளைக்கு நான்கு தெரு தாண்டினால் மைதானம். இங்கே சரிவு. ஐந்து மணிக்குப் பனி, ஆறு மணிக்கு இருட்டு. இருட்டினால் காட்டுமாடு தெருவில் நிற்கிறது; வெளியே அனுப்ப நமக்கே பயம். சீசன் வந்தால் அப்பா டாக்சியில், அம்மா லாட்ஜில் அறை துடைக்கிறார். ஏப்ரலும் மே மாதமும் ஊர் நிறைய ஜனம். வீட்டில் பிள்ளை தனி. கொரோனாக் காலத்தில் பாடம் படிக்க என்று நாம்தான் போனை அவன் கையில் கொடுத்தோம். பள்ளி திறந்தது, போன் திரும்பி வரவில்லை. அவனுக்குக் கூட்டாளி எங்கே கிடைக்கிறான்? அந்த ஸ்க்வாடில் கிடைக்கிறான். அடிபட்டுக் கிடந்தால் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து ‘ரிவைவ்’ பண்ணி எழுப்புகிற நண்பன் அங்கேதான் இருக்கிறான். அந்த நட்பைக் கேலி செய்யாதீர்கள். வீட்டில் அவன் சோர்ந்து கிடந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் யார் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, சில விண்ணப்பங்கள்.

பெற்றோர்களே! கேமை இறக்கும் இடத்திலேயே அதன் வயதுத் தரம் போட்டிருக்கிறது. 16 வயதுக்கு, 18 வயதுக்கு என்று போட்டிருப்பதை எட்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். சூரசம்ஹாரத்தையே கைக்குழந்தைக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுதானே காட்டுகிறோம்? இரவில் போன் பிள்ளையின் தலைமாட்டில் கிடக்க வேண்டாம். அடுப்படி அலமாரியில் இருக்கட்டும். உங்கள் போனும் அங்கேயே இருக்கட்டும். நிறுத்தச் சொல்லும்போது பாதி ஆட்டத்தில் பிடுங்காதீர்கள்; ‘இந்த ஆட்டத்தோடு முடி’ என்று சொல்லிவிட்டு, முடியும் வரை பக்கத்தில் நில்லுங்கள். பிறகு அவன் வாயில் இருந்து கதையைக் கேளுங்கள். யார் வந்தான், எப்படித் தோற்றாய், உன் கூட்டாளி எந்த ஊர் என்று கேளுங்கள். முதல் நாள் சொல்ல மாட்டான். நான்காம் நாள் சொல்வான்.

ஆசிரியர்களே! அடித்த பையனைப் பார்த்ததும் ‘கேம் ஆடிக் கெட்டுப்போனான்’ என்று எழுதி முடிக்காதீர்கள். அவன் முதுகைப் பாருங்கள். மணிக்கட்டில் என்ன கயிறு என்று பாருங்கள். வகுப்பில் யார் அவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் பள்ளி மைதானத்தைத் திறந்து வைக்க வழி தேடுங்கள். பிள்ளைகளுக்காக 1098 என்ற எண் இருக்கிறது. மனம் ஒடிந்தவர் பேச 14416 என்ற எண் இருக்கிறது. இரண்டையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

மாணவச் செல்வங்களே! உங்களைக் குற்றவாளிகளாகப் பார்க்க நான் வரவில்லை. திரையில் நீங்கள் எத்தனை பேரை வீழ்த்தினீர்கள் என்று உங்களைப் பற்றி நான் முடிவு செய்ய மாட்டேன். ஆனால் உங்களை ஒன்று கேட்கிறேன். ஸ்க்வாடில் ஒருவன் விழுந்தால் அவன் என்ன சாதி என்று கேட்டா ஓடிப்போய்த் தூக்கினீர்கள்? இல்லையே! அந்த மனதை வகுப்பறைக்குள்ளும் கொண்டு வாருங்கள். கையில் கயிறு கட்டச் சொல்கிறவன் எவனாக இருந்தாலும், அவன் உங்கள் ஆட்டத்தைவிடக் கொடிய ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறான். போகாதீர்கள்.

அந்தத் தாய் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மா, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பையன் ஆடிக்கொண்டிருப்பான். திட்டாதீர்கள். போனைப் பிடுங்காதீர்கள். ஒரு டம்ளர் பாலோடு அவன் பக்கத்தில், அந்தக் கம்பளிக்குள்ளேயே உட்காருங்கள். “யாருடா அது, எதுக்கு அவனைச் சுடுற?” என்று கேளுங்கள்.

கிரிவீதியில் அவனைத் தோளில் தூக்கிப் போரைக் காட்டினீர்கள். அவன் பயப்படவும் இல்லை, கெட்டுப் போகவும் இல்லை. இன்று அவன் வளர்ந்துவிட்டான், தோளில் ஏற மாட்டான். ஆனால் சாய்ந்துகொள்வான். உங்கள் தோளை அவன் பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள்.